சீல் பிரிக்காத சேற்று மனிதன்

ஜூன் 1, ஞாயிறு

மகள் தாரணியைப் பெண் பார்க்க இன்று திருப்பூரிலிருந்து வந்துவிட்டுப் போனார்கள். காலையிலேயே வீட்டில் சண்டை. கூடத்தில் இருக்கும் என் கண்ணாடி அலமாரியை மூடியே ஆக வேண்டும் என்று சாந்தாமணி ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல மொதல்ல பேயும் பொணமுமாப் பட்டா வெளங்குமுங்களா?"

பேயும் இல்லை, பிணமும் இல்லை. பழைய ஆங்கிலத் திகில் படங்களில் வருகிற அரக்கர்களின் பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், துணியில் தைத்த உடை, மடங்குகிற கை கால். கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லி வருகிறேன். அவளுக்கு இன்றுவரை மம்மிக்கும் மெழுகு மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியில் பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து அலமாரி மேல் போர்த்திவிட்டாள். பார்க்க யாரோ ஒரு குண்டு மனிதர் முக்காடு போட்டு நிற்பது போல இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பெயர் திருமலைசாமி. பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் கீற்று விபூதி. கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று தட்டை வைத்துவிட்டு எழுந்தார். பெட்ஷீட்டுக்குக் கீழே மம்மியின் பாதம் தெரிந்திருக்கிறது. நேராகப் போய்த் துணியைத் தூக்கிவிட்டார். சாந்தாமணியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க, இது மொத வார்ப்பு மம்மிங்களா? கட்டுத்துணி இன்னும் மக்காம இருக்குதுங்களே!"

எனக்கு ஐம்பத்தேழு வயது. இந்தக் கேள்வியை ஒரு மனிதர் என் வீட்டுக்குள் நின்று கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. பெண் பார்க்க வந்ததையே இரண்டு பேரும் மறந்துவிட்டோம். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ஐந்து பேர் கொண்ட வரிசையில் என்னிடம் ரத்தக்காட்டேரி, மம்மி, ஓநாய் மனிதன், மெழுகு மனிதன் என நால்வர் இருக்கிறார்கள், சேற்று மனிதன் மட்டும் தலைகீழாக நின்றும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் ஒரு மாதிரி சிரித்து, "கெடைக்காமயா போயிருமுங்க" என்றார். எத்தனை நல்ல மனிதர்!

பையன் பெயர் சஞ்சீவ். நல்ல உயரம்.

ஜூன் 3, செவ்வாய்

ஓநாய் மனிதனின் வலது கை தொங்கிவிட்டது. தாரணி ஆபீஸிலிருந்து வந்ததும் சரிசெய்து கொடுத்தாள்.

இந்தப் பொம்மைகளின் உடம்புக்குள் ஒரு ரப்பர் கயிறு ஓடும். கையையும் காலையும் உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். வயதானால் ரப்பர் இற்றுப்போகும். புதுக் கயிறு கோக்க மெல்லிய விரல் வேண்டும். என்னுடையவை பம்புசெட் கடைக்காரன் விரல்கள். அதனால் நான் உடம்பைப் பிடித்துக்கொள்வேன், அவள் பின்னல் ஊசியால் கொக்கியை இழுத்து மாட்டுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்ற நேரமெல்லாம் அவள் போன், நான் டிவி. அந்த அரை மணி நேரம்தான் நாங்கள் பேசிக்கொள்வது.

"எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா. உங்களுக்கு?" என்றாள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே.

"ஆளு நல்ல உயரம்" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாப்பிள்ளை வீடு பார்க்கத் திருப்பூர் போயிருந்தோம். பெண் போகிற வழக்கமில்லை என்பதால் தாரணி வரவில்லை. வராததே நல்லது.

சம்பந்தி, காபி குடித்து முடிக்கவிடாமல் என்னை மாடிக்கு இழுத்துப் போனார். தனியறை. ஏசி. மனிதர்களுக்கு இல்லை, பொம்மைகளுக்கு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒவ்வொரு தட்டிலும் மஞ்சள் விளக்கு. அத்தனையும் பெட்டிக்குள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. கடையில் வாங்கிய அன்று ஒட்டியிருந்த சீல் அப்படியே இருக்கிறது.

நடுத்தட்டில் சேற்று மனிதன்.

பெட்டியின் முகப்பில் இருந்த கண்ணாடிக் காகிதம் வழியாக, பாசி படிந்த அந்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். போன தீபாவளி சமயத்தில் குழுவில் வந்ததாகச் சொன்னார்.

குழு என்றால் சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழு. அங்கே ஒரே சட்டம்தான். யாராவது ஒரு பொம்மையைக் கொடுப்பதாகப் போட்டால், முதலில் 'எனக்கு' என்று எழுதுகிறவருக்கு அது. அதற்குமேல் பேச்சே கிடையாது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் பெங்களூர்க்காரர் ஒருவர் சேற்று மனிதனைப் போட்டபோது நான் கடையில் ஒரு ஃபுட் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைக் கிரீஸைத் துடைத்துவிட்டு எழுதுவதற்குள் டி.எஸ். என்று ஒருவன் 'எனக்கு' போட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த டி.எஸ்.ஸை நான் கரித்துக்கொட்டாத நாளில்லை. அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

"அடடே, அடுத்தாப்புல 'எனக்கு'ன்னு போட்ட பம்புக்கடை நீங்கதானுங்களா!" என்று என் தோளில் தட்டிச் சிரித்தார் திருமலைசாமி.

பெண்ணைக் கொடுக்கிறவன் பல்லைக் காட்டத்தான் வேண்டும். காட்டினேன்.

"கையில வாங்கிப் பாக்கலாமுங்களா?"

"பாக்கலாமுங்க" என்று ஒரு மெல்லிய துணியைக் கொடுத்தார். "இதுல புடிச்சுக்கோங்க. சீல் மேல மட்டும் வெரலு படாமப் பாத்துக்கோங்க."

"பிரிக்கறதே இல்லீங்களா?"

"பிரிச்சா அப்பறம் அது வெறும் பொம்மைங்க, சம்பந்தி."

என் வீட்டில் இருப்பதெல்லாம் பிரித்தவை. அது அவருக்கும் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

கடைக்கு வந்தவருக்குத் தவறான வாஷரைக் கொடுத்தனுப்பிவிட்டேன். திரும்பி வந்து சத்தம் போட்டார்.

ஜூன் 12, வியாழன்

இந்தச் சம்பந்தத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று சாந்தாமணியிடம் சொன்னேன். ஏன் என்றாள். மாடிப்படி வாஸ்துப்படி இல்லை என்றேன். பனியன் தொழில் ஏற்ற இறக்கம் உள்ளது என்றேன். பிறகு, வீட்டுக்குள் ஓர் அறை நிறைய பேய்ப் பொம்மைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், பெண் வாழப்போகிற வீடா அது என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் எங்கள் அலமாரியைப் பார்த்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜூன் 26, வியாழன்

எனக்கும் சேற்று மனிதனுக்கும் ஒன்றுமில்லை. அது ஒரு பிளாஸ்டிக். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

தாரணியும் சம்பந்தியும் போனில் பேசிக்கொள்கிறார்களாம். சஞ்சீவ் பேசினால் நியாயம். அப்பன் எதற்குப் பேச வேண்டும்? தன் பொம்மைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் படத்துடன் பதிந்து வைக்க வேண்டுமாம், அம்மிணிக்கு அதெல்லாம் தெரியுமே என்று வீடியோ காலில் கூப்பிடுகிறார். தெரியும்தான். அவளுக்குத் தெரிந்தது எல்லாம் என் அலமாரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதை யாரும் சொல்வதில்லை.

சாப்பிடும்போது நான்கு வார்த்தைக்கு ஒரு மாமா. மாமா இப்படிச் சொன்னார், மாமாவுக்கு ரத்தக்காட்டேரி மேலங்கியில் எத்தனை வகை என்று தெரியவில்லை, நான்தான் சொன்னேன், மாமா அசந்துட்டார். அசராமல் என்ன செய்வார்?

ஜூலை 6, ஞாயிறு

மெழுகு மனிதனின் கழுத்து ஆடுகிறது. தாரணியிடம் சொன்னேன். மடியில் கம்ப்யூட்டர், அதில் சம்பந்தியின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது.

"நாளைக்குப் பாக்கலாமுங்கப்பா" என்றாள்.

அவள் 'நாளைக்கு' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நானே ஊசியை எடுத்து முயன்று பார்த்தேன். கொக்கி நழுவி விரலில் குத்திவிட்டது. சம்பந்தி திரையிலிருந்து, "ஏனுங்க சம்பந்தி, பாத்துங்க, துருப்புடிச்ச கொக்கியா இருந்தா ஊசி போட்டுக்கோணுமுங்க" என்றார். என் வீட்டுக் கூடத்தில், என் பெண்ணின் மடியிலிருந்து, எனக்குப் புத்தி சொல்கிறார்.

ஜூலை 7, திங்கள்

கழுத்தைச் சரிசெய்து கொடுத்தாள். அவசரமாக. பேச்சு ஒன்றுமில்லை.

ஜூலை 19, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

திருப்பூரில் அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அசல் சேற்று மனிதனின் கால்விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு ஆரஞ்சு நிறம். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். சம்பந்தியின் சேற்று மனிதனுக்கு அது சிவப்பாக இருக்கிறது. அழுக்குச் சிவப்பு. பின்னால் வந்த டூப்ளிகேட்டில்தான் அப்படி வரும். ஏசி போட்டு, விளக்குப் போட்டு, துணியில் பிடிக்கச் சொல்லி, கடைசியில் வைத்திருப்பது டூப்ளிகேட்!

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். சாந்தாமணி காபி கொண்டுவந்து, "என்னங்க, மூஞ்சி இத்தன தெளிவா இருக்குது?" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

குழுவில் ஒரு பதிவு போட்டேன். பொதுவாகத்தான். 'கொங்குப் பகுதியில் ஒரு பெரிய மனிதரின் காட்சி அறையில் சீல் பிரிக்காத சேற்று மனிதனைக் காண நேர்ந்தது. சவ்வின் நிறத்தைப் பார்த்தால் டூப்ளிகேட் என்று தோன்றுகிறது. புதிதாகச் சேர்ப்பவர்கள் கவனமாக இருக்கவும்.' யார் பெயரையும் எழுதவில்லை. பிறருக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான்.

ஜூலை 21, திங்கள்

கொங்குப் பகுதியில் சீல் பிரிக்காத சேற்று மனிதன் ஒன்றுதான் இருக்கிறதாம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. டி.எஸ். மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். சம்பந்தி போன் செய்தார். அந்தப் பதிவைப் பற்றித்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஆவணி எட்டாம் தேதி நிச்சயத்தை உறுதிசெய்யத்தான் கூப்பிட்டிருந்தார். மண்டபம், சாப்பாடு, எத்தனை பேர் என்று பேசினார். குரலில் பழைய சிரிப்பு இல்லை. கடைசியில், "நேர்ல பாத்துப் பேசிக்கலாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எதைப் பேசிக்கொள்வது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை பத்தரைக்கு நிச்சயம். இங்கே கணபதிப் பகுதியில் சின்ன மண்டபம்தான். எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் முக்கியமானது உப்பு சர்க்கரை மாற்றிக்கொள்வது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உப்பும் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டுகளை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குப்பிறகு யாரும் பின்வாங்க முடியாது.

எங்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். எதிரே திருமலைசாமி. அவருடைய தட்டை அவர் மனைவி பிடித்திருந்தார். சம்பந்தியின் கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. நகைப்பெட்டி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அதன் அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிசமுங்க" என்றார். "தட்டு மாத்தறதுக்கு முன்னால ஒரு சின்ன விசயம்."

துணியைப் பிரித்தார். பெட்டிக்குள் சேற்று மனிதன். முன்வரிசையில் ஒரு குழந்தை வீல் என்று கத்தியது.

"என்ற பொருளு டூப்ளிகேட்டுன்னு ஒரு பேச்சு வந்துச்சுங்க. யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கலீங்க. ஆனா பொருளு டூப்ளிகேட்டுன்னா, நாளைக்கு இந்த ஊட்டுப் பேச்சும் டூப்ளிகேட்டுன்னு ஆயிருமுங்க. இந்த ஊருல இதப் பாத்து நெசம் சொல்றவரு ஒருத்தருதான் இருக்காரு. சம்பந்தியே அவுரு கையால பிரிச்சுப் பாத்துச் சொல்லிரட்டும். அப்பறம் மாத்திக்கலாம்."

பெட்டியை என்னிடம் நீட்டினார். வாழ்நாளில் ஒரு சீலைக்கூடப் பிரிக்காத மனிதர். நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையில் தாரணியைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

வேண்டாமுங்க, விடுங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேற்று மனிதன் என் கைக்கு வந்திருக்கிறான், பிரிக்கலாம் என்று அனுமதியும் வந்திருக்கிறது. என் கட்டைவிரல் தானாக சீலுக்குள் போய்விட்டது. சர் என்று ஒரு சத்தம். திருமலைசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

மண்டபத்தின் வெள்ளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். சவ்வு ஆரஞ்சு நிறம். சுத்தமான ஆரஞ்சு. திருப்பூர் அறையின் மஞ்சள் விளக்குதான் அதைச் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் பொம்மை பார்ப்பவன், விளக்கு மாறினால் நிறம் மாறும் என்பதை எப்படி மறந்தேன்?

"ஒரிஜினல்தானுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. "ஒரிஜினல்தானுங்க!" என்று கத்தினேன். எல்லோருக்கும் காட்டுவதற்காகப் பெட்டியிலிருந்து தூக்கினேன்.

அவன் கையோடு வரவில்லை. உடம்பு மட்டும் வந்தது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் பொலபொலவென்று தரையில் விழுந்தன. தலை உருண்டுபோய்க் குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பிரிக்காமலே வைத்திருந்த பெட்டிக்குள் இத்தனை வருஷமாக ரப்பர் பொடியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரித்து வைத்திருக்கிற எனக்குத் தெரியும் ரப்பர் இற்றுப்போகும் என்று. பிரிக்காத அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

உண்மையை எழுதுகிறேன். ஒரே ஒரு நொடி எனக்கு இனித்தது.

பிறகு சத்தம் காதில் விழுந்தது. "நல்ல காரியத்துல கையுங் காலும் தனித்தனியாக் கெடக்குது, இது என்ன சகுனமோ சாமி" என்று சாந்தாமணியின் அக்கா. "இன்னொரு நாள் வெச்சுக்கலாமுங்களே" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் நாலைந்து பேர் எழுந்தார்கள். சஞ்சீவ் தாரணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். திருமலைசாமி வெறும் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழுகிறார் என்பதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. இன்னொருத்தியும் கவனித்திருக்கிறாள்.

தாரணி மேடையிலிருந்து இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. நேராக வந்து கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம், "கண்ணு, உன்ற தலை ரப்பரக் குடு" என்று வாங்கினாள். தன் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவி வளைத்தாள். கை கால்களை ஒன்று சேர்த்தாள்.

நான் வேட்டியை மடித்துக்கொண்டு அவளெதிரே உட்கார்ந்தேன். உடம்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினேன். எப்போதும் அப்படித்தானே.

"மாமா, நீங்க புடிங்க" என்றாள் தாரணி.

என் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் பிடித்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், இடுப்பைப் போட்டு நெரித்தார். "தோளுக்குக் கீழ புடிங்க மாமா, அழுத்தாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள், அதே குரலில். ரப்பரைக் கோத்தாள், ஊசியில் இழுத்தாள், கொக்கியில் மாட்டினாள். ஒரு கை. இன்னொரு கை. எழுந்து நின்றவர்கள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தக் காலு மாறிப்போச்சு பாரு அம்மிணி, அது எடது காலு" என்று யோசனை சொன்னார். எனக்கு மட்டும் நெஞ்சு எரிந்தது. இந்த மண்டபத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, 'நீ புடி' என்று சொல்லக் கூடாதா?

தலையை மாட்டி, தாரணி அவனைத் தரையில் நிறுத்தினாள். நின்றான்.

"சகுனம் பாக்கறவங்க இப்பப் பாத்துக்கோங்க, பெரியம்மா" என்றாள் சத்தமாக. "பிரிஞ்சு கெடந்தது சேந்துருச்சு. இதவிட என்ன வேணுமுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியின் அக்காவும் சிரித்தாள். திருமலைசாமி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் மனைவி கையிலிருந்த தட்டை வாங்கி, உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே சேற்று மனிதனை நிற்க வைத்தார்.

"பிரிச்சது எனக்கு ஆகாதுங்க சம்பந்தி. இது உங்களுக்கு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காம வாங்கிக்கோங்க."

என் தட்டை அவரிடம் கொடுத்தேன், அவர் தட்டை வாங்கிக்கொண்டேன். கெட்டிமேளம் வாசித்தார்கள். இருபது வருஷமாகத் தேடியது என் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு எதைக் கொடுத்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, கொடுத்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடவும் தோன்றியது. பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தாரணி கடைக்கு வந்தாள். கடைக்கு அவள் வருவதே அபூர்வம். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, "போனைக் குடுங்கப்பா" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தப் பதிவத் திருத்தோணும்."

"எந்தப் பதிவு?"

கையை நீட்டியபடியே நின்றாள். கொடுத்தேன். பழைய பதிவுக்குக் கீழே, 'சேற்று மனிதன் அசல். என் கணிப்பு தவறு. பம்புக்கடை சென்னியப்பன்' என்று எழுதி என்னிடம் காட்டினாள். அனுப்பச் சொன்னேன். முழுப் பெயர் வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அனுப்பிவிட்டாள்.

"நேத்து ஏன் அவரப் புடிக்கச் சொன்ன?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அழுதுட்டு இருந்தாருங்கப்பா. கைக்கு ஏதாச்சும் வேல குடுத்தா நிறுத்துவாருன்னுதான்." போனை என் கையில் வைத்துவிட்டு, "நீங்களும் அழுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் புடிக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

நான் அழவில்லை. யாகப் புகை கண்ணில் பட்டது. நிச்சயத்துக்கு யாகம் எங்கே வந்தது என்று அவள் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரசம் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

செப்டம்பர் 20, சனி

சாந்தாமணி அலமாரிக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறாள். நான் சொல்லாமலே. இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

ஐந்து பேரும் வரிசையாக நிற்கிறார்கள். வரிசை நிறைந்துவிட்டது. ஐந்தையும் ஒன்றாக நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் ஒரு கை தொங்கவில்லை, ஒரு கழுத்து ஆடவில்லை. போகிறதற்கு முன்னால் எல்லோருக்கும் புதுக் கயிறு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இனி பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாதாம்.

செப்டம்பர் 25, வியாழன்

ஓநாய் மனிதனின் இடது காலை இன்று நானே கழற்றினேன்.

ஒரு பொம்மைக்கு நான் தெரிந்தே கெடுதல் செய்தது இதற்குமுன் இல்லை. கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு சாயங்காலம் தாரணிக்குப் போன் செய்தேன்.

"கண்ணு, ஓநாய் மனுசன் காலு கழண்டு போச்சு. அவசரமில்ல. உனக்கு எப்ப நேரம் இருக்குதோ அப்ப வந்தாப் போதும்."

"இந்த வாரம் கஷ்டமுங்கப்பா. இங்க மாமா மூணு பொட்டியப் பிரிச்சுட்டாரு."

"எதப் பிரிச்சுட்டாரு?"

"பொம்மைங்கள. எல்லாம் உள்ள ரப்பர் போய்க் கை கால் தனித்தனியா வந்துருச்சு. நான் ஆபீஸ் வேலைய முடிக்கறதுக்குள்ள ஊசி, கயிறு எல்லாம் எடுத்து வெச்சுட்டு மேல ஒக்காந்துக்கறாரு. தெனமும் சாயங்காலம் இதேதான். இப்ப நல்லாப் புடிக்கக் கத்துக்கிட்டாரு."

"பிரிச்சா வெறும் பொம்மைன்னாரே!"

"அத்தையும் அதத்தான் கேட்டாங்க. 'அம்மிணி இருக்கறப்பப் பிரிக்காம அப்பறம் எப்பப் பிரிக்கறது'ன்னாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோளில் தட்டிச் சிரித்தபோதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பொம்மை போனால் போகட்டும் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தள்ளுகிறார். அவருக்கென்ன, ஒரு சுவர் முழுக்கப் பெட்டி. வாரத்துக்கு மூன்று பிரித்தாலும் எத்தனையோ வருஷத்துக்கு அவள் சாயங்காலங்கள் எல்லாம் அவருக்குத்தான். என்னிடம் பழுதாவதற்கு என்ன இருக்கிறது? எல்லாவற்றுக்கும் புதுக் கயிறு.

அடுத்து அவளே கேட்டாள்.

"அப்பா, அந்தக் காலு தானாக் கழண்டுச்சுங்களா?"

"தானாத்தான் கண்ணு."

அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரிங்கப்பா. ஞாயித்துக்கெழம வர்றேன். அதுவரைக்கும் வேற எதையும் கழட்டீராதீங்க."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு மம்மியின் இரண்டு கைகளையும் கழற்றினேன். ஒரு காலுக்கு மட்டும் வந்தால் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள்.